உத்தரவுப்படி

புதிய துரை ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அதனாலேயே அவரைப் புரிந்துகொள்ள எங்களுக்கு வெகுநாள் பிடித்தது.

அவருக்கு முன்னால் இருந்தவர் பத்தொன்பது வருஷம் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். தெரிந்த தமிழ் அத்தனையும் ஏவல்தான். வா, போ, தூக்கு, வெட்டு, ஓடு, வாயை மூடு. ஒருவரைப் பார்த்து சுகமா என்று கேட்க அவரிடம் சொல் கிடையாது. விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும்போது அவர் போடுகிற சத்தம் பொகவந்தலாவை ரோட்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். சனங்கள் பயந்தார்கள். ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. துரை கத்தி முடித்துவிட்டால் அன்றைய ஆபத்தும் முடிந்தது.

புதியவரும் வெள்ளைக்காரர்தான். களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தார். தமிழ் ஒரு சொல்லும் வராது. பெரட்டில் அவர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெரிய கிளாக்கருக்கு இழுப்பு வியாதி. காலைப் பனியில் நிற்க முடியாது. சின்னக் கிளாக்கராக இருந்த எனக்கு அந்த வேலை வந்தது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஐம்பதுகளின் பிற்பகுதி.

நான் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு அக்காதான் கொழுந்து பறித்து என்னை அட்டன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்தப் படிப்பில்தான் எனக்கு ஆபீசில் நாற்காலி கிடைத்தது. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது அவளும் மற்றவர்களைப் போல என்னை 'ஐயா' என்பாள். குவாட்டர்சுக்கு வந்தால் 'தம்பி'. இரண்டையும் அவள் மாற்றி மாற்றிச் சொல்வது அப்போது எனக்கு உறுத்தவில்லை.

துரை வந்த முதல் வாரத்தில் ஒருநாள் பெரட்டில் நின்று, மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில், "பெர்ஹாப்ஸ் தே வுட் லைக் டு ஃபினிஷ் தட் ஃபீல்ட் டுடே" என்றார். நான் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன். "அந்த மலையை இன்னைக்கே முடிச்சுக் குடுக்க ஒங்களுக்கு விருப்பமான்னு தொரை கேக்குறாரு."

களத்தில் ஒரே சிரிப்பு. கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே, "விருப்பமில்லேன்னு சொல்லுங்கையா" என்றார். துரையும் சிரித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கங்காணி களைத்துப்போனவராகத் தெரிகிறார், அவருக்கு ஓய்வு தேவை என்று நினைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் டைப் அடித்தேன். இருபது வருஷம் கங்காணியாக இருந்தவர் அடுத்த வாரம் மண்வெட்டியோடு சாணி உரம் அள்ளிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாஷை திறந்தது. பள்ளிக்கூடத்தில் 'சிட் டவுன்', 'ஸ்டாண்ட் அப்' என்பதையே அதிகாரத்தின் ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். துரையின் ஆங்கிலத்தில் சொல் மெலிய மெலிய அடி பலமாக விழுந்தது. 'ஆச்சரியமாக இருக்கிறது' என்று எழுதச் சொன்னால் ஒருவனுக்கு வேலை போகப்போகிறது. 'தயவுசெய்து கவனத்தில் கொள்க' என்றால் அதுவே கடைசி எச்சரிக்கை. 'உரிய காலத்தில்' என்றால் ஒருநாளும் இல்லை. கட்டாயம் என்பதற்கு 'ஷால்' என்றும் உடனடியாக என்பதற்கு 'ஃபோர்த்வித்' என்றும் சொற்கள் இருந்தன. அவற்றை அவர் வருஷத்துக்கு இரண்டு முறைதான் எடுப்பார். எடுத்தால் ஒரு குடும்பம் மூட்டை கட்டும்.

அந்தச் சொற்களை டைப் அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மேலே எழுதுவதில் பிரயோசனமில்லை.

மூன்றாம் வருஷம் ஆனி மாதத்து மழையில் ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வெடித்தது. முதலில் விரல் நுழைகிற அளவு. பிறகு கை. அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. அதில் ஒன்றில் அக்கா குடும்பம். அவளும் இன்னும் ஐந்தாறு பேரும் ஆபீசுக்கு வந்து, எங்களை வேறு லயத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டார்கள். துரை வராந்தாவில் நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "இட் வில் பி லுக்ட் இன்டு" என்றார்.

"தொரை வந்து பாக்குறேன்னு சொல்றாரு" என்றேன்.

'கவனிக்கப்படும்' என்கிற அந்த ஆங்கில வாக்கியத்தில் வந்து பார்க்கப்போகிற ஆள் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். தமிழில் சொல்லும்போது துரையை அதற்குள் கொண்டுவந்து வைத்தவன் நான். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் அதே வாக்கியம், அதே தமிழ். ஆடி பிறந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை.

அந்த மாதத்தில் ஒரு புதன்கிழமை துரை கூட்டமொன்றுக்காகக் கொழும்புக்குக் கிளம்பினார். பெரிய கிளாக்கர் இழுப்பு முற்றி நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். சின்னத் துரை வேலைக்கு அப்போது ஆள் போட்டிருக்கவில்லை. மலைவேலை எல்லாம் மேற்பார்வைக்காரரான கண்டாக்கையா பொறுப்பு. காரில் ஏறிய துரை கண்ணாடியை இறக்கி என்னிடம், "யூ ஆர் இன் சார்ஜ் ஆஃப் தி ஆபீஸ்" என்றார். கார் நகர்ந்த பிறகு திரும்பவும் தலையை நீட்டி, "தி ஆபீஸ், மைண்ட் யூ" என்றார். ஆபீஸ் மட்டும், நினைவிருக்கட்டும்.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்றாள். முதுகில் கூடை. கம்பளியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஐயா, பீலி வத்திருச்சுங்க" என்றாள். மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் விழுகிற குழாய் அது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளா ஊத்துது தம்பி. இந்த மழையில பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. மலைத் தண்ணி எங்கடா போகுது? காம்பராக் கதவு சாத்த மாட்டேங்குது. நெலை கோணிப்போச்சு."

டெலிபோனைச் சுழற்றினேன். எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. குடையோடு ஓடிப்போய்க் கண்டாக்கையாவைப் பிடித்தேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா தொரை ஆர்டர் இல்லாம அந்த லயத்துல ஒரு சட்டியக்கூட நகத்த மாட்டேன். எனக்கு நாலு புள்ளைங்க" என்றார்.

ஆபீசுக்குத் திரும்பினேன். கதவைச் சாத்தினேன். துரையின் பதவி அச்சடித்த தாளை டைப் மெஷினில் சொருகினேன். வாக்கியம் தடுமாறாமல் வந்தது. ஏழாம் நம்பர் லயத்தில் குடியிருப்போர் அனைவரும் 'ஷால் வெகேட் ஃபோர்த்வித்'. அதன் கீழே, 'பை ஆர்டர்', உத்தரவுப்படி. தோட்டத்து முத்திரையைக் குத்தினேன். 'துரைக்காக' என்று அடித்திருந்த இடத்தில் எந்தப் பெயராகவும் படிக்க முடியாத ஒரு கிறுக்கல் போட்டேன்.

கண்டாக்கையா தாளை இரண்டு கையாலும் வாங்கினார். "ஃபோர்த்வித்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவருடைய முதுகு நிமிர்ந்தது. லயத்துப் பக்கம் நடந்தார்.

இரண்டு மணி நேரத்தில் ஏழாம் நம்பர் லயம் காலியானது. அடுப்பில் பாதி வெந்த சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். எல்லோரையும் பாவனையில் இல்லாத பழைய ஸ்டோருக்குள் கொண்டுபோய் விட்டோம். ஒரு மாதத்துக்கு மேலாக அவர்கள் தங்கள் பாஷையில் கெஞ்சிய விஷயம் அது. இப்போது தெரியாத பாஷையில் ஒரு தாள் வந்ததும் ஏன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு சாமான் சுமந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம்! ம், நட! நட!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அது பழைய துரையின் குரல். என் காதிலேயே விழுந்தது. சட்டிப் பானைகளோடு என்னைக் கடந்துபோன அக்கா ஒருதரம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மழை குறைந்தது. சனிக்கிழமை காலையில் வெயிலே அடித்தது. ஸ்டோருக்குள் முணுமுணுப்புத் தொடங்கியது. எலித்தொல்லை, புகை, பிள்ளைகளுக்கு இருமல். லயம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் போகக்கூடாது என்று பாதையில் காவலுக்கு ஆள் போட்டிருந்தேன். அதுவும் துரை உத்தரவு என்றேன்.

கண்டாக்கையா மெல்ல வந்தார். "தொரை எப்பச் சொன்னாரு? போன்தான் செத்துக் கெடக்கே?"

"போறதுக்கு முந்தியே சொல்லிட்டுப் போனாரு."

"நேத்து அந்தத் தாள்ல கையெழுத்தப் பார்த்தேன்" என்றார். தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

துரை மறுநாள் வந்துவிடுவார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஆபீஸ் வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுந்துவிடு என்று மனதுக்குள் அதனிடம் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். கொழுந்து மடுவத்தில் பெண்கள் நிறுவைக்காக வரிசையில் நின்றார்கள். கணக்கெழுத நானும் போயிருந்தேன். ஏழாம் நம்பர் லயத்துக்காரர் ஒருவர் வந்தார். கவ்வாத்து வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும், வாய் அதிகம் பேசாத ஆள். ஸ்டோருக்குள் ஆடுமாடு கூடாது என்று கண்டாக்கையா தடுத்துவிட்டதால் அவருடைய சினையாடு லயத்துக்குப் பின்னால் கொட்டிலிலேயே கட்டிக்கிடந்தது.

"ஐயா, ஆடு நேத்துலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்கு. அவுத்துக்கிட்டு ஓடியாந்துர்றேன். காவக்காரன் விட மாட்டேங்குறான். ஒரு ஆர்டர் குடுங்கையா."

வானத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. எப்படியும் நாளைக்கு நான் மாட்டிக்கொள்ளப்போகிறேன், இந்த மனுஷனையாவது சிரமப்படுத்தாமல் இருப்போம் என்று ஒரு நினைப்பு. அனுமதி கொடுப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

"சரி. போயிட்டுச் சட்டுனு வந்துரு. நான் சொன்னேன்னு காவக்காரன்கிட்டச் சொல்லு."

அவர் கும்பிட்டுவிட்டு ஓடினார். அவருடைய மனைவி நான்கு பேர் தள்ளி வரிசையில் நின்றிருந்தாள்.

அவள் கூடையைத் தராசில் மாட்டியபோது அந்தச் சத்தம் வந்தது. இடிச்சத்தம் இல்லை. பெரிய துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பதுபோல ஆரம்பித்து, பிறகு மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. வெளியே ஓடிவந்து பார்த்தோம். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே, வரிசை குலையாமல், கீழே நடந்து வந்தன. ஏழாம் நம்பர் லயத்தின் கூரை ஒரு கணம் அவற்றுக்கு மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

இரண்டு நாள் தோண்டினார்கள். அவரை எடுத்தபோது கையில் கயிறு சுற்றியிருந்தது.

துரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். சரிவைப் போய்ப் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் வந்து என் கோப்பை எடுத்து அந்தத் தாளை வாசித்தார். ஒரு தரம்தான் வாசித்தார். யார் கொடுத்த உத்தரவு என்று கேட்டார். நான்தான் என்றேன். பேனாவை எடுத்து என் கிறுக்கலின் மேலேயே தன் கையெழுத்தைப் போட்டார். புதன்கிழமைத் தேதியையும் எழுதினார்.

"இந்த உத்தரவை நான் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னேன். நீ எழுதிக்கொண்டாய். இஸ் தட் அண்டர்ஸ்டுட்?"

"அண்டர்ஸ்டுட், சேர்."

இறந்துபோனவர் உத்தரவை மீறித் திரும்பிப் போனவர் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். "சேர், நான்தான் அவரைப் போக விட்டேன்" என்றேன்.

துரை என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் பிழை திருத்துகிற வாத்தியார் மாதிரிப் பார்த்தார். "அனுமதி கொடுக்க உனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவன் அனுமதி கொடுக்க முடியாது. ஆகவே அனுமதி எதுவும் கொடுக்கப்படவில்லை" என்றார். பிறகு எழுந்துபோகும்போது, "கேரி ஆன்" என்றார். தொடர்ந்து வேலையைப் பார்.

செவ்வாய்க்கிழமை மரண விசாரணைக்கு அட்டனிலிருந்து அதிகாரி வந்தார். சிங்களவர். துரையின் அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் விசாரித்தார். துரை ஜன்னலோரம் நின்றார். மொழிபெயர்க்க நான். இறந்தவரின் மனைவியைக் கூப்பிட்டார்கள். முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வந்து, தரையைப் பார்த்து நின்றாள்.

உன் புருஷன் ஏன் திரும்பிப் போனான் என்று கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "ஆட்ட அவுக்கப் போனாருங்க. சின்னக் கிளாக்கரையாகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் போனாரு. ஐயா ஆர்டர் குடுத்தாரு, அப்புறந்தான் போனாரு."

என்னைப் பற்றிய வாக்குமூலத்தை என் வாயாலேயே சொல்ல வேண்டும். பேனா காத்திருந்தது. துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷி சேஸ் ஹி வென்ட் டு அண்டை தி கோட்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆட்டை அவிழ்க்கத்தான் போனார். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஆர்டர்' என்ற சொல் தெரியும். தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். அவள் சொன்னதில் அது இருந்தது. நான் சொன்னதில் அது இல்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தாள். அதிகாரி எழுதி முடித்துப் பெருவிரலுக்கு மையை நீட்டினார்.

அன்று பொழுது சாயும் நேரம் அக்கா குவாட்டர்சுக்கு வந்தாள். அவள் உயிரும் அவள் பிள்ளைகள் உயிரும் அந்தத் தாளால் தப்பியவை. அதைச் சொல்வாள் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "அவ சொன்னத நீங்க சொல்லலியாங்கையா?" என்றாள். வீட்டு வாசலில் அவள் என்னை ஐயா என்றது அதுதான் முதல் தடவை. அதோடு போய்விட்டாள்.

பத்து நாள் ஆபீசுக்குப் போய் வந்தேன். பதினோராம் நாள் லீவு சொல்லாமல் பஸ் ஏறி அட்டனுக்குப் போனேன். அந்த அதிகாரியைப் பார்த்து நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அறிக்கை கையொப்பமாகி மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். "தம்பி, நீங்க நல்லதுதானே செஞ்சது. மத்தப் பதினொரு குடும்பமும் உயிரோட இருக்குதானே" என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது துரை கூப்பிடுகிறார் என்றார்கள். நான் எங்கே போய் வந்தேன் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. "ப்ளீஸ் சிட் டவுன்" என்றார். அந்த அறையில் எந்தக் கிளாக்கரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

பெரிய கிளாக்கர் இனி வரமாட்டார் போலிருக்கிறது என்றார். தோட்டத்துக்கு, முடிவெடுக்கத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றார். அந்த வியாழக்கிழமை நான் எழுதின தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி வைத்து, மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டினார். "ஐ ஹோப் வி அண்டர்ஸ்டாண்ட் ஈச் அதர்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

ஏழு வருஷம் பெரிய கிளாக்கராக இருந்தேன். எத்தனையோ 'ஃபோர்த்வித்' அடித்தேன். சனங்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒரு விஷயத்தை மட்டும் மெதுவாகத்தான் கவனித்தேன். என்னிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. லீவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும், கங்காணியிடமோ கண்டாக்கையாவிடமோதான் போவார்கள். ஜன்னலுக்கு வெளியே நான் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அக்காவும் வேறு தோட்டத்துக்குப் பேர் பதிந்துகொண்டு போய்விட்டாள்.

அறுபதுகளின் நடுவில் கவ்வாத்துக்காரரின் மனைவி இந்தியாவுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். திருச்சிப் பக்கம் அவளுடைய அண்ணன் இருந்தான். தோட்டத்தை விட்டு விலகுகிற கடிதத்தில் என் கையெழுத்து வேண்டும். வந்தாள். தலை நரைத்திருந்தது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். கையெழுத்துப் போட்டேன். முத்திரையை ஊதி மை காய்ந்ததும் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். நான் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தேன். துரையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. "அன்னைக்கு நாந்தான் அவரப் போகச் சொன்னேன். நீங்க சொன்னத நான் அவங்ககிட்டச் சொல்லல."

அவள் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் சொருகினாள்.

"தெரியுங்க. நான் அங்கதான நின்னேன்" என்றாள். "பத்தரை பஸ்ஸைப் புடிக்கணும்."

ரோட்டில் அவளுடைய மகள் மூட்டைகளோடு நின்றாள். இருவரும் பஸ் வருகிறதா என்று வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.